கட்டைவிரல் தேடிய பட்டன்

கம்ப்யூட்டருக்குக் கேபினெட் மாற்றுகிற வேலை எனக்கு அறவே பிடிக்காது. கம்ப்யூட்டரில் ஏதாவது கெட்டுப்போயிருந்தால் அதைச் சரிசெய்து பேர் வாங்கிக்கொள்ளலாம். இதில் கெட்டது என்று எதுவும் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் அத்தனையையும் கழற்றி, வேறொரு பெட்டிக்குள் மாட்டி, முன்னால் எப்படி ஓடியதோ அப்படியே ஓட வைக்க வேண்டும். நன்றாகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு வயரை மாற்றிச் சொருகிவிட்டால் மட்டும், "நல்லாத்தாங்க ஓடிட்டு இருந்தது, இவர் வந்து கைய வெச்சார்" என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் டைப்பு சாரின் மகள் காலையில் போன் செய்தபோது தட்டிக்கழிக்கத்தான் பார்த்தேன்.

"பழசே இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்மா."

"எதுண்ணா தாங்கும்? பக்கத்து மூடியைக் கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்கோம். அடியெல்லாம் துரு. முந்தாநாள் அப்பா கைய வெச்சார், சுருக்குன்னு இழுத்துச்சாம். புதுசு வாங்கி வெச்சுட்டேன், இப்பதான் வந்து சேர்ந்தது. நாலு மணிக்கு நான் கிளம்பணும். அதுக்குள்ள மாத்திக் குடுத்துட்டா நிம்மதியாப் போவேன்."

நிம்மதியாப் போவேன் என்று சொன்னால் எப்படி மறுப்பது? பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

டைப்பு சார் என்பது தெரு வைத்த பேர். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, இன்ன நோய், இன்ன மருந்து என்று வாயால் பேசிப் பதிவு செய்துவிடுவார்கள். அதைக் காதில் கேட்டு வரிக்கு வரி டைப் அடித்து அனுப்புவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக வீட்டிலிருந்தே செய்கிறார். இடது காலடியில் தையல் மெஷின் மிதிபோல ஒரு சின்ன மிதி இருக்கும். அதை அழுத்தினால் டாக்டர் பேசுவார், எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். "ஊர்ல இருக்கற அத்தனை டாக்டரும் என் காலுக்கு அடியில" என்பது அவருடைய பழைய ஜோக். வலது கால் பக்கம் கம்ப்யூட்டர். அதை அவர் குனிந்து கையால் போட்டு நான் பார்த்ததில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே கால் கட்டைவிரலால் ஓர் அழுத்து. மகள் அதற்குத் திட்டுவாள். அவர் சிரிப்பார்.

ஒரே மகள். படித்தது ஆய்வகத்தில் ரத்தம் பார்க்கிற படிப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் தூர ஊரில் ஒரு நல்ல வேலை கிடைத்தது. அந்த வாரம்தான் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மகள் போகவில்லை. போகவில்லை என்று ஒரு வார்த்தை வெளியே சொல்லவும் இல்லை. பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது. ஒன்றரை நாள் ரயில் பயணம். சேர வேண்டிய நாள் திங்கட்கிழமை.

நான் போனபோது வானம் மூடிக்கிடந்தது. கூடத்தில் சூட்கேஸ் வாயைப் பிளந்து கிடக்க, அம்மா அதற்குள் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு வலிக்காக ஒரு முக்காலியில் உட்கார்ந்து செய்வார்.

"வாங்க தம்பி. பாருங்க, கம்ப்யூட்டருக்கும் புது வீடு, இவளுக்கும் புது வீடு."

"பாப்பா வீட்டைவிட இதுக்குச் செலவு கம்மியா இருக்கும்மா."

"என்ன டாக்டரே, ஆபரேஷனா?" என்று உள்ளறையிலிருந்து சார் குரல் கொடுத்தார். என் காலடிச் சத்தமே அவருக்குப் போதும்.

புதுப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கே ஆசையாக இருந்தது. பால் வெள்ளை. ஒரு பக்கம் கண்ணாடி. முன்பக்கம் வழவழவென்று ஒரே தகடு. மேல் விளிம்பில், ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு, சிவப்பாக ஒரு பட்டன். பெண்ணுக்கு நல்ல ரசனை.

வேலையை ஆரம்பித்தேன். முதலில் எந்த வயர் எங்கே இருக்கிறது என்று போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்வேன். என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை. கயிற்றை அவிழ்த்து மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. பின்கட்டுக்குக் கொண்டுபோய் ஊதினேன். போர்டில் ஒன்பது திருகாணி. இரண்டு துருப்பிடித்து வர மாட்டேன் என்று அடம்பிடித்தன. புதுப் பெட்டியில் பித்தளைக் கால்களை நட்டு, போர்டை மெதுவாக இறக்கி, பவர் பெட்டி, டிஸ்க், மின்விசிறி என்று ஒவ்வொன்றாகக் குடியேற்றினேன். கடைசியில் அந்தப் பொடி வயர்கள். பட்டனுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. எறும்புக்குச் செருப்பு மாட்டுகிற வேலை.

மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து திருகாணி எடுத்துக் கொடுத்தாள்.

"அப்பா, கண்ணாடி வழியா உள்ள எல்லாம் தெரியுது. வந்து பாருங்களேன்."

"இருபது வருஷமா அது உள்ள என்ன இருக்குன்னு தெரியாமத்தான் சோறு போட்டுது. இப்ப எதுக்குத் தெரியணும்?"

"உங்களுக்கு எது குடுத்தாலும் இப்படித்தான்."

"சரி சரி, நல்லா இருக்கு. பெரிய மனுஷி வாங்கினா சும்மாவா."

பன்னிரண்டரைக்கு முடிந்தது. பழைய இடத்திலேயே, அதே மரப் பலகைமேல் பெட்டியை வைத்தேன். சூட்கேஸ் பூட்டு சரியில்லை, கடைக்குப் போய்ப் பட்டை வாங்கி வருகிறேன் என்று மகள் செருப்பை மாட்டினாள்.

"போட்டுப் பாருங்க சார்" என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்தார். மிதியில் இடது கால். வலது கால் தானாகப் பெட்டியிடம் போயிற்று. கட்டைவிரல் வழவழத் தகட்டின்மேல் போய் நின்றது. கொஞ்சம் மேலே. கொஞ்சம் கீழே. மறுபடி மேலே.

"மேலே சார். மேல் விளிம்புல."

"ஓ, கையால போடணுமா. மரியாதையெல்லாம் கத்துக்குடுக்குது."

குனிந்தார். முகம் பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில். அந்தப் பட்டன் சிவப்பு, பெட்டி வெள்ளை. குருடனுக்கும் தெரியும் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வோமே, அப்படி இருந்தது. அவர் கை பட்டனைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்து விளிம்பைத் தடவியது. மேசைக் காலைத் தடவியது. மறுபடி பெட்டியின் பின்பக்கம் போய், அங்கிருந்த வயரைப் பிடித்து நின்றது. முகம் முழுக்கச் சிரிப்பு அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

வாசல் பக்கம் திரும்பினேன். மகளைக் காணோம். போய்விட்டிருந்தாள்.

"சார், எத்தனை நாளா?"

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ போயிட்டாளா?"

"போயிட்டா."

"வாசக் கதவைச் சாத்து."

சாத்தினேன். அம்மா முக்காலியிலிருந்து எழுந்து வந்து அறையின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியும் என்பது அந்த முகத்திலேயே இருந்தது.

"ஒன்றரை வருஷம் ஆச்சுப்பா" என்றார் சார். "சுத்தி இருந்து மூடிட்டே வந்தது. வலது கண்ணு போன மழைக்காலத்தோட முடிஞ்சுது. இடது கண்ணுல நடுவுல ஒரு சாவித்துவாரம் அளவு இருக்கு. நல்ல வெளிச்சத்துல, நேர் எதுக்க இருந்தா மட்டும்."

"டாக்டர்கிட்ட?"

"சொட்டு மருந்து விடறேன். போறது மெதுவாப் போகும், போனது வராது. இதையே நான் நூறு பேருக்கு டைப் அடிச்சிருக்கேன். கண் டாக்டர் குரல் எனக்கு நல்லாப் பழக்கம். என்கிட்ட அவர் பேச ஆரம்பிச்சதுமே அடுத்த வரி என்னன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"அப்ப வேலை எப்படி சார்?"

"கேக்கறது காது. அடிக்கறது விரலு. கண்ணுக்கு என்ன வேலை? தப்பு இருக்கான்னு பாக்க மட்டும்தான். ஆபீஸ்ல ரெண்டாவது ஆள் படிச்சே ஆகணும்னு ரூல் போட்டுட்டாங்கன்னு பொண்ணுகிட்ட ஒரு புளுகு விட்டேன். தெனம் சாயங்காலம் அவ வாசிப்பா, நான் திருத்துவேன். கிளினிக்ல நின்னு நின்னு கால் வீங்கி வருவா. அலுத்துக்கிட்டே வாசிப்பா."

"இனிமே யாரு வாசிக்கறது?"

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "நான் வாசிக்கறேன்னேன். அந்த மருந்துப் பேரெல்லாம் எனக்கு எழுத்துக்கூட்ட வரல தம்பி. ரெண்டு மாசம் ஓட்டிட்டு நிறுத்திடறேங்கறார். அதுக்குள்ள அவ அங்க கால் ஊனிடுவாளாம்."

"பாப்பாகிட்ட சொல்லிடறதுதானே சார் நல்லது?"

"சொன்னா?"

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"சொன்னா அந்த சூட்கேஸைப் பிரிச்சு, துணியை மறுபடி பீரோவுல அடுக்குவா. ஒரு வார்த்தை பேச மாட்டா. போன தடவை அப்படித்தான் பண்ணா. அந்த அடுக்கற சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. மூணாவது தடவை யாரு கூப்பிடுவான்?" கனைத்துக்கொண்டார். "இந்தப் பெட்டியாலதான்டா மாட்டிக்கப் பாத்தேன். ஒன்றரை வருஷமா இந்த வீட்டுல ஒரு சாமான் இடம் மாறல. இவ மாற விடல. அந்தப் பழசுல பட்டன் எங்க, பென்டிரைவ் ஓட்டை எங்க, எல்லாம் காலுக்கும் கைக்கும் மனப்பாடம். அவ பாசமா வாங்கிட்டு வந்து எல்லாத்தையும் மேல தூக்கி வெச்சுட்டா. அவ கிளம்பறதுக்குள்ள ஒருதடவை போட்டுக் காட்டுங்கன்னு நிப்பாளே, அப்ப என்ன பண்ணுவேன்?"

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அந்த வீட்டில் டீ கொடுக்கும்போது அம்மா டம்ளரை மேசையில் இரண்டு தட்டு தட்டி வைப்பார். டொக், டொக். பழக்கதோஷம் என்று நினைத்திருந்தேன். டம்ளர் எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்கிற வழி அது. எத்தனை முறை நானும் அந்த மேசையில் டீ குடித்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு பொட்டுத் துருவைக் கண்டுபிடிக்கிற எனக்கு எதிரில் இருந்த மனிதரைத் தெரியவில்லை.

"பட்டனைக் கீழ கொண்டு வந்துடலாம் சார்" என்றேன்.

"முடியுமா?"

"பழைய பட்டன் இருக்கு. புதுத் தகட்டுல ஓட்டை போடணும்."

"அவ வாங்கின பெட்டியிலயா?" என்றார் அம்மா.

"போடு" என்றார் சார்.

குதிகாலை வழக்கமான இடத்தில் ஊன்றச் சொன்னேன். கட்டைவிரலைத் தூக்கிப் பெட்டிமேல் வைக்கச் சொன்னேன். யோசிக்காமல் வைத்தார். விரல் பட்ட இடத்தில் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டினேன். காலை எடுத்து மறுபடி வைக்கச் சொன்னேன். அதே இடம். மூன்றாவது முறையும் நூல் பிசகவில்லை. முன் தகட்டைக் கழற்றிப் பின்கட்டுக்கு எடுத்துப்போனேன். இரும்புத் தூள் போர்டில் விழக்கூடாது. புத்தம்புது வெள்ளைத் தகடு. துளை போடுகிற மெஷினை அதில் வைப்பதற்குமுன் ஒட்டுநாடாவை இன்னொரு தடவை சரிபார்த்தேன். பழைய பட்டனைப் பிடுங்கி, துளையில் பொருத்தி, பின்னால் பசை வைத்து இறுக்கினேன். கறுப்புப் பட்டன். வெள்ளைப் பெட்டியில் பார்க்கச் சகிக்கவில்லை. பென்டிரைவ் ஓட்டைக்கு ஒரு வயரை இழுத்துப் பழைய உயரத்திலேயே மேசைக்காலோடு சேர்த்துக் கட்டினேன்.

மாட்டி முடித்த நேரம் மகள் வந்துவிட்டாள். அறை வாசலிலேயே நின்றாள்.

"என்னண்ணா இது?"

"மேல இருக்கிற சுவிட்ச் சரியில்லம்மா. அழுத்தினா ஒட்டிக்குது. அதான் பழசையே…"

"மாத்திக் குடுப்பாங்களே. ஓட்டை போட்டுட்டீங்களா?"

"மாத்திட்டு வர ஒரு வாரம் ஆகும். அப்பா வேலை நிக்குமேன்னு…"

பொய் எனக்கு அவ்வளவாக வராது. வார்த்தைக்கு வார்த்தை இழுத்தேன். சார் குறுக்கே விழுந்தார்.

"அவனை ஏன் கேக்கற? நான்தான் போடச் சொன்னேன். இதை வாங்கித் தான்னு உன்னை யாரு கேட்டா? நல்லா இருந்ததை எடுத்துக் கடாசிட்டு, பொம்மை மாதிரி ஒண்ணைக் கொண்டு வந்து வெச்சிருக்க. இன்னிக்குப் போறவ போற வேலையைப் பாக்காம."

அந்த மனிதர் அவளிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சார் எதற்குக் கத்தினார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கேள்வி மேலே போகாமல் இருக்கக் கத்தினார். வாங்கிக்கொண்டவள் அவள்.

மகள் அவரையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். பேசாமல் வந்து தரையில் குந்தி, அந்தக் கறுப்புப் பட்டனை விரலால் ஆட்டிப் பார்த்தாள்.

"கெட்டியா இருக்குமாண்ணா? ஆறு மாசத்துல ஆடிப்போய் உள்ள விழுந்துடாதே?"

"விழாதும்மா."

"விழுந்தா உடனே வந்து போட்டுக் குடுப்பீங்களா? போன் பண்ணா வருவீங்கள்ல?"

"வருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா வருவேம்மா."

எழுந்து போய்விட்டாள். ஒரு பட்டனுக்கு எதற்குச் சத்தியம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தப்பித்தோம் என்றுதான் தோன்றியது.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா பிடித்து உட்கார வைத்தார். சோறும் முட்டையும். யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டோம். சாருடைய தட்டில் முட்டை எப்போதும் இடது பக்கம், உப்பு வலது பக்கம் என்பதை இப்போது பார்க்கத் தெரிந்தது. பார்க்காமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றரை மணிக்கு சார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கட்டைவிரல் போயிற்று, அழுத்தியது, பெட்டி உயிர்பெற்றது. கண்ணாடிப் பக்கம் உள்ளே ஒரு நீல விளக்கு எரிந்தது. நான் மூடியின் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டு கீழே குனிந்திருந்தேன். டீ வந்தது.

டொக், டொக்.

அம்மா என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன். மகள் நின்றுகொண்டிருந்தாள். டம்ளர் சாரின் வலது கைக்கு நேராக இருந்தது. அவர் கை போய்த் தடவாமல் எடுத்துக்கொண்டது. இது மனைவி வைத்த டம்ளர் என்றே அவர் நினைத்திருப்பார். மகள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு சொல்ல வேண்டாம் என்பதுபோல் தலையை மெல்ல அசைத்துவிட்டு வெளியே போனாள்.

திருப்புளி என் கையிலேயே நின்றுவிட்டது.

எப்போதிலிருந்து தெரியும்? இன்று மத்தியானம் அவர் கை தடவியதை வாசலில் நின்று பார்த்தாளா? இல்லை, அலுத்துக்கொண்டே வாசித்த சாயங்காலங்களிலேயே தெரியுமா? பழைய பெட்டி கையைச் சுருக்கென்று இழுத்ததும் இவள் ஏன் பதறினாள் என்று இப்போது புரிந்தது. பார்க்க முடியாதவர் தொட்டுத்தானே ஆக வேண்டும். அதற்காக வாங்கினாள். பட்டனை யோசிக்கவில்லை, பாவம். பாசத்தில் செய்கிறவர்களுக்கு அளவெடுக்கத் தோன்றாது.

நாலு மணிக்கு வாடகை வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. வானம் அதற்குள் வெளுத்திருந்தது. வாசலில் சாய்வாக நல்ல வெயில். சூட்கேஸை நான் தூக்கி வைத்தேன். அம்மாவைக் கட்டிக்கொண்டு மகள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அம்மாவின் முதுகு மட்டும் குலுங்கியது. சார் சுவரோரமாகப் பதினோரு அடி நடந்து வந்து வாசற்படிக்கு உள்ளே நின்றார். அவருக்கு அது எண்ணி வைத்த தூரம்.

"கிளம்பறேன்பா."

"ம்ம். போனதும் போன் பண்ணு. பொட்டியைப் பத்தி ஏதோ கோவத்துல…"

"அத விடுங்கப்பா. காலாலதானே போடப் போறீங்க. மரியாதையே இல்ல உங்களுக்கு."

அவர் சிரித்தார்.

அவள் அவருக்கு வலது பக்கமாக நின்றிருந்தாள். ஒரு எட்டு நகர்ந்தாள். இடது கண்ணுக்கு நேராக. இன்னும் அரை எட்டுப் பின்னால் போய் வெயிலில் நின்றாள். முகத்தில் விழுந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அப்புறம் அசையவில்லை. டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார். "நேரமாச்சும்மா" என்று குரல் கொடுத்தார். அசையவில்லை. கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. கன்னத்தில் இறங்கியதைத் துடைக்கவும் இல்லை, கையைத் தூக்கினால் முகம் மறைந்துவிடும் என்று. அவர் தலை மெதுவாக மேலும் கீழும், இப்படியும் அப்படியும் நகர்ந்தது. ஒரு சாவித்துவாரத்தால் ஒரு முகத்தைப் பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அவள் நின்றாள்.

பிறகு போய் ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிச் சத்தம் தெருமுனையில் ஓயும்வரை சார் அங்கேயே நின்றார். அம்மா உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். பாத்திரம் எதுவும் தேய்க்கிற சத்தம் கேட்கவில்லை. சார் பதினோரு அடி திரும்பி நடந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பையை மூடினேன்.

"பாத்தியாடா டாக்டரே. ஒண்ணும் தெரியாமப் போயிட்டா. ஒன்றரை வருஷம் நடிச்சிருக்கேன், சும்மாவா."

"ஆமா சார்."

"இன்னொண்ணு தெரியுமா? அவளை முழுசாப் பாத்து எத்தனையோ மாசம் ஆச்சு. ஒரு கண்ணு தெரியும், மூக்கைத் தேடறதுக்குள்ள நகர்ந்துடுவா. நின்ன இடத்துல நிக்கவே மாட்டா. இன்னிக்கு எல்லாம் கிடைச்சுது. ரெண்டு கண்ணு, மூக்கு, உதட்டுக்குக் கீழ அந்த மச்சம். நானே எதிர்பாக்கல. என் அதிர்ஷ்டம், சரியா வெளிச்சத்துல வந்து நின்னா."

கட்டைவிரலால் பெட்டியைத் தடவி, பட்டன் அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"ஆமா சார்" என்றேன். "அதிர்ஷ்டம்தான்."